2011-ஐ மறந்துவிட வேண்டாம்

பாடநூல்களில் அரசியல் நுழைவதைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து, மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி பரிணாமப் பாடத்தை நீக்கியதைக் கட்டுரையாளர் கண்டித்திருக்கிறார். எனக்கு முழு உடன்பாடு. 2023-இல் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் இதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பதினொன்றில் உயிரியல் எடுக்காத பிள்ளைக்குப் பள்ளியில் டார்வினைப் படிக்க வேறு வாய்ப்பு ஏது?

ஆனால், பாடநூலை மாநிலத்திடமே விட்டுவிட்டால் அரசியல் நுழையாது என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழ்நாட்டில் எல்லா வகைப் பள்ளிகளுக்கும் பொதுப் பாடத்திட்டம் என்று வந்த சமச்சீர் கல்விக்கு என்ன நேர்ந்தது? 2011-இல் ஆட்சி மாறியதும், அச்சடித்துத் தயாராக இருந்த நூல்கள் முடக்கப்பட்டன. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வழக்கு அலைந்தது. ஆகஸ்ட் 9 அன்று, பத்து நாட்களுக்குள் அமல்படுத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே நூல்கள் பிள்ளைகளின் கைக்கு வந்தன. நான் அப்போது பத்தாம் வகுப்புத் தமிழாசிரியர். பொதுத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகளை வாரக்கணக்கில் நூலின்றி உட்காரவைத்த வலி இன்னும் ஆறவில்லை.

பாடத்திட்டக் குழுவுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். எதைச் சேர்த்தாலும் நீக்கினாலும் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். மத்திய அரசுக்கும் இதுதான், மாநிலத்துக்கும் இதுதான்.

2011-இல் ஒருவழியாக வந்த அந்த நூல்களிலும் சில பகுதிகளின் மேல் தாள் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினோம். பசை காய்வதற்குள் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள். "அடியில் என்ன ஐயா இருக்கிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். மறைக்க மனம் வரவில்லை, படித்துக் காட்டினேன்.