அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்து வாங்கிய கார்

கார் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து ஆபீசுக்கும், ஒரு தடவை வாணியம்பாடிக்கும் போய் வந்ததில் 800 கிலோமீட்டர் ஓடிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "மைலேஜ் எவ்வளவு கொடுக்குது?" என்றுதான். அதைச் சொல்லிவிடுகிறேன். சிட்டிக்குள் 12, 13. ஹைவேயில் 18-ஐத் தாண்டியது. டின் ஃபேக்டரி சந்திப்பு நெரிசலில் தினமும் நிற்கிற வண்டிக்கு இதுவே எனக்குத் திருப்தி.

நான்கு மீட்டருக்குள் அடங்கும் 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி. இந்த அளவுள்ள கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்த பிறகுதான் துணிந்து புக் செய்தோம். எந்தக் கார் என்று எழுதவில்லை. நான் சொல்ல வருவது எந்தக் காருக்கும் பொருந்தும்.

மூன்று ஷோரூமுக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். முதல் ஷோரூமில் சேல்ஸ் தம்பி என்னை நேராக ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து டச் ஸ்கிரீனைக் காட்ட ஆரம்பித்தார். பின்னால் அம்மா தானாகவே கதவைத் திறந்து ஏறிக்கொண்டிருந்தார். சீட் ரொம்பத் தாழ்வு. மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்தபடியே தொப்பென்று உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். அந்தக் கார் எனக்கு அங்கேயே முடிந்துபோனது. இப்போது வாங்கியிருப்பதில் பின் சீட் அம்மாவின் இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. கதவும் நன்றாக அகலத் திறக்கிறது. அம்மா முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு அப்புறம் திரும்பிக்கொள்கிறார். யார் கையும் தேவைப்படவில்லை. எனக்கு இதுதான் இந்த வண்டியின் முதல் சிறப்பு. கிளட்ச் லேசாக இருக்கிறது, ஏசி சீக்கிரம் குளிர்கிறது, ஆள் நிறைய இருந்தால் மேட்டில் இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. இதெல்லாம் பழகிவிடும்.

எனக்கு மனசு ஆறாதது சீட் கவர் விஷயம்.

வண்டி எடுத்த மறுநாளே ஒரு கடையில் ரெக்சின் கவர் போட்டோம். குழந்தை இருக்கிற வீடு, சீட் அழுக்காகிவிடும் என்ற பயம். அந்த வாரச் சனிக்கிழமை விடிகாலையில் ஊருக்குக் கிளம்பினோம். பின்னால் அம்மா, தங்கை, நடுவில் என் ஒன்பது வயது மகள். "அப்பா, பெல்ட் மாட்ட இடமே இல்லப்பா" என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். சீட்டும் சாய்மானமும் சேருகிற இடுக்கில் விரலை விட்டால் ரெக்சினும் எலாஸ்டிக்கும்தான் தட்டுப்பட்டன. பெல்ட்டைச் செருகும் மூன்று பக்கிளும் கவருக்கு அடியில் படுத்துக் கிடந்தன. நடு சீட்டுக்கும் தோள்வழியாக வரும் முழு பெல்ட் வேண்டும் என்று தேடி வாங்கிய வண்டி இது! மாடிக்கு ஓடிப் போய்க் கத்தரிக்கோல் கொண்டுவந்து எலாஸ்டிக்கை வெட்டி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். முன் சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதியிருந்த சின்னத் துணிப்பட்டையும் கவருக்குள் மறைந்திருந்தது. பக்கவாட்டு ஏர்பேக் அந்த ஓரத்தைக் கிழித்துக்கொண்டுதான் விரிய வேண்டும். மேலே தடித்த ரெக்சினை இறுக்கித் தைத்துவிட்டால் எப்படி விரியும்?

திங்கட்கிழமை கடைக்குப் போய்க் கேட்டேன். "பின்னாடி யாரும் பெல்ட் போடறதில்ல சார். உள்ள தள்ளிட்டா பாக்க நீட்டா இருக்கும்" என்றார். அவர் மேல் மட்டும் கோபப்பட்டுப் பயனில்லை. அம்மாவே, "பின்னாடி இருக்கறவங்களுக்கு எதுக்குடா பெல்ட்டு?" என்று கேட்டவர்தான். 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே நடந்த கார் விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். பின் சீட்டில் இருந்தவர். பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. அவர் பக்கத்தில் இருந்தவரும் இறந்தார். முன்னால் இருந்த இரண்டு பேரும் பிழைத்தார்கள். அடுத்த மாதமே கர்நாடகத்தில் பின் சீட்டுக்கும் 1000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். பணத்தை விடுங்கள். பெல்ட் போடாமல் பின்னால் இருப்பவர், வண்டி மோதும்போது அதே வேகத்தில் முன் சீட்டில் இருப்பவர் முதுகில் போய் மோதுவார். அம்மாவுக்கு நேர் முன்னால் உட்காருவது என் மனைவி.

பாரத் என்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனை தரும் நட்சத்திரம் பார்த்துத்தான் நானும் வாங்கினேன். 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை மோதவிடும் அந்தச் சோதனையில் முன்னால் இரண்டு பெரியவர் பொம்மைகள், பின்னால் குழந்தை இருக்கைகளில் இரண்டு குழந்தைப் பொம்மைகள். அம்மா மாதிரி ஒரு பெரியவர் பின்னால் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று அந்த நட்சத்திரம் சொல்வதில்லை. அதனால் பெல்ட் மாட்டாமல் வண்டியை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமைப் பயணத்தில் அத்திப்பள்ளி தாண்டும் வரை அம்மா பெல்ட்டைக் கழுத்திலிருந்து விலக்கி விலக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓசூரில் டீ குடிக்க நிறுத்தியபோது, பட்டையைத் தோளெலும்பின் மேலும் கீழ்ப்பட்டையை வயிற்றுக்குக் கீழே இடுப்பிலும் படியும்படி தங்கை சரிசெய்துவிட்டாள். அதற்கப்புறம் கிருஷ்ணகிரி வரை தூங்கிவிட்டார்.

சீட் கவரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். கம்பெனித் துணியே போதும். மகள் சிந்துகிற பிஸ்கட் தூள் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுகிறது.