முதலில் ஒரு விலாசம் வேண்டும்

சிறு திருட்டில் பிடிபடும் வீடற்ற மனிதரிடம் இரக்கம் காட்ட நம் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த இரக்கத்தைப் பெற அவர் ஒரு விலாசம் காட்ட வேண்டும் என்பதுதான் கொடுமை.

1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தைப் பாருங்கள். குற்றம் உறுதியானாலும் சிறைக்கு அனுப்பாமல் ஒருவரை நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் வெளியே விடலாம் என்கிறது 4ஆம் பிரிவு. அதே பிரிவில் ஒரு நிபந்தனையும் உண்டு. அவருக்கோ அவருக்காகப் பிணை நிற்பவருக்கோ நீதிமன்ற எல்லைக்குள்ளோ, அவர் இனித் தங்கப்போகும் ஊரிலோ நிலையான இருப்பிடமோ முறையான தொழிலோ இருக்க வேண்டும். பஸ் நிலையத் திண்ணையை எந்த நீதிபதி இருப்பிடம் என்று எழுதிக்கொள்வார்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டமும் அப்படித்தான். 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறை திருடியவர் அதையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமுதாய சேவைதான் தண்டனை. நல்ல மாற்றம், மனமார வரவேற்கிறேன். ஆனால் திருடியதை விற்று அன்றிரவே சாப்பிட்டுவிட்டவர் எதைத் திருப்பிக் கொடுப்பார்?

எங்கள் சித்தூர் வட்டத்தில், பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், இதற்கெல்லாம் மேலே மாநில எல்லை வேறு குறுக்கே நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் தென்னை ஏறிப் பிழைத்தவர். மரத்திலிருந்து விழுந்த பிறகு இடுப்பு சரியாகவில்லை. வேலை போயிற்று, வாடகை வீடு போயிற்று, குடி கூடியது. ஒரு கல்யாண மண்டபத்தின் பித்தளைக் குழாய்களைக் கழற்றி ஆக்ரிக் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், போட்டார் என்று கைதானார். பொள்ளாச்சிப் பக்கம் இருந்து அவருடைய அக்கா பட்டாவோடு ஓடி வந்தார். கேரள நிலவரி ரசீது உள்ளவர்தான் ஜாமீன் நிற்கலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாள் கடைத் தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். யார் கையெழுத்துப் போடுவார்கள்? தம்பி உள்ளேயே கிடந்தார். வெளியே வந்தபோது அதே திண்ணை, அதே குடி.

வேதனை என்னவென்றால், இந்தப் பிணைச் சிக்கலுக்கு எப்போதோ தீர்ப்புச் சொன்னவர் நம் பாலக்காட்டில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1978இல் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு. 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்ட மாஜிஸ்திரேட், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவருடைய சகோதரரை ஏற்க மறுத்தார். உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையிலேயே அவரை விடச் சொன்னது. கிருஷ்ணய்யரின் பிறந்த நாளான நவம்பர் 15ஐக் கேரளம் நன்னடத்தை தினமாகக் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். எல்லையிலுள்ள வாளையாருக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டுப் பட்டாவையும் ஏற்கட்டும்.

ஏழைக் கைதிகளின் ஜாமீனுக்குப் பணம் தரும் மத்திய அரசுத் திட்டம் 2023இல் வந்தது. அது சிறைக்குள் போன பிறகு வரும் உதவி. நான் கேட்பது அதற்கு முன்பே வரும் ஆளை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2011இல் லீட் என்றொரு திட்டம் தொடங்கினார்கள். சிறு போதைப்பொருள் வழக்கிலும் பாலியல் தொழில் வழக்கிலும் பிடிபடுகிறவரை, சிறைக்கு அனுப்பாமல் ஒரு சமூகப் பணியாளரிடம் போலீஸே ஒப்படைக்கும். அவர் தங்க இடம், மருத்துவம், அடையாள அட்டை என்று ஒவ்வொன்றாகக் கூட நின்று செய்து கொடுப்பார். இப்படி வந்தவர்கள் மீண்டும் கைதாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 58 சதவீதம் குறைவு என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு கண்டது. அமெரிக்காவில் பணம் இருக்கிறது என்பீர்கள். மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் பிரயாஸ் திட்டம் 1990 முதல் காவல் நிலையத்திலும் சிறையிலும் சமூகப் பணியாளர்களை வைத்து வேலை செய்துவருகிறதே!

திருட்டுக் கொடுத்தவரின் வயிற்றெரிச்சலை நான் சிறிதாக நினைக்கவில்லை. தள்ளுவண்டிக்காரரின் தராசு போனால் அவருக்கு அன்று வியாபாரமே இல்லை. அந்தக் கோபத்தைக் கேட்க ஆளில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை, 2018இல் அட்டப்பாடியில் அரிசி திருடினார் என்று ஓர் ஆதிவாசி இளைஞரைக் கூட்டம் அடித்துக் கொன்றபோது கண்டோம். இத்தனைக்கும் அவர் மனநலம் குன்றி, வீட்டை விட்டுக் காட்டில் வாழ்ந்தவர். அவரைத் தேடி ஒரு செவிலியரோ சமூகப் பணியாளரோ முதலில் போயிருக்க வேண்டாமா?

ஒரு லட்சம் பேருக்கு ஓர் இரவு விடுதி என்ற கணக்கு நகரங்களுக்கானது. எங்கள் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறையும் வேலந்தாவளமும் அதில் வருவதில்லை. ஆகவே இங்குள்ள பஞ்சாயத்துகள் சேர்ந்து ஒரே ஒரு விடுதி நடத்தினாலும் போதும். அங்கீகாரம் பெற்ற விடுதியின் பொறுப்பாளர் தரும் சான்றிதழை ஆதாருக்கு விலாசமாக ஏற்கிறார்கள். விலாசம் வந்தால் நன்னடத்தைச் சட்டத்தின் கதவும் திறக்கும். மாவட்டச் சட்டப்பணி ஆணையத்தின் தன்னார்வலர்களில் தமிழ் பேசுகிற ஒருவர் வாரத்தில் சில மாலைகள் பஸ் நிலையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் போய் வர வேண்டும். மலையாளத்தில் எழுதிய வாக்குமூலத்தில், படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைப்பவருக்கு அவர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய துணை!

இதைக் கேட்டு ஆணையத்துக்கும் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழ் வரைவு முடிந்துவிட்டது. மலையாளத்தில் பிழையில்லாமல் எழுதித் தரக்கூடியவர்களும், சித்தூர் நீதிமன்றத்தில் பழகிய வழக்கறிஞர்களும் உள்பெட்டியில் எழுதுங்கள். கையெழுத்துப் போட விரும்பும் கடைக்காரர்கள் அவசியம் வாருங்கள். உங்கள் பெயர்கள்தான் மனுவில் முதலில் இருக்க வேண்டும்.