அந்த மரத்த தேடி யாரும் போகாதீங்க

ஆஸ்திரேலியாவுல இருக்குற வொல்லெமி பைன்ங்கிற அபூர்வ மரத்த பத்தி எங்க பேச்சு வந்தாலும் யாராவது ஒருத்தர் கேட்டுடுறாங்க, யாருமே போய் பாக்க முடியாத மரத்துக்கு எதுக்கு இவ்ளோ மெனக்கெடல்னு. இத கேக்கும்போதெல்லாம் மனசுக்கு கஷ்டமா இருக்கு.

1994ல சிட்னிக்கு வடமேற்குல இருக்குற வொல்லெமி தேசிய பூங்காவுல, டேவிட் நோபிள்னு அங்க வேல பாத்தவர் ஒரு ஆழமான பள்ளத்தாக்குல எறங்கினப்ப கண்ணுல பட்ட மரம் இது. அதுவரைக்கும் இந்த மாதிரி மரத்த பாறையில பதிஞ்ச அச்சாத்தான் பாத்திருந்தாங்க, டைனோசர் காலத்து சொந்தம். பட்டை பூரா சாக்லேட் கொதிக்கிற மாதிரி முண்டு முண்டா இருக்கும், 40 மீட்டர் வரைக்கும் வளரும். ஆனா காட்டுல வளந்த மரம்னு எண்ணிப் பாத்தா நூறு கூட தேறாது.

அந்த மரம் இருக்குற எடத்த வெளிய சொல்லாம ரகசியமா வெச்சிருக்காங்க, அதுல என்ன தப்பு? வேர அழுக வைக்கிற ஃபைட்டோப்தோரான்னு ஒரு கிருமி இருக்கு, ஷூ அடியில ஒட்டுன ஈர மண்ணு போதும் அதுக்கு. 2005ல அந்த தோப்புக்குள்ளயே அது இருக்கறது தெரிஞ்சுச்சு, அனுமதி இல்லாம போனவங்க கால் வழியா வந்திருக்கணும்னுதான் சந்தேகப்படுறாங்க. அந்த மரமெல்லாம் மரபணுவுல கிட்டத்தட்ட ஒன்னுபோல இருக்கு, அதனால ஒரு மரத்த சாய்க்கிற நோய் மிச்சத்தையும் சாய்ச்சுடலாம். ஆசையா பாக்கப் போறவங்களே கொன்னுட்டு வர்ற நெலம.

2019-20ல காட்டுத்தீ அந்த பள்ளத்தாக்கு வரைக்கும் வந்தப்ப, தீயணைப்பு வீரர்கள ஹெலிகாப்டர்லேர்ந்து கயித்துல எறக்கி, தண்ணி பாய்ச்ச குழாயெல்லாம் போட்டு, மேலேர்ந்து விமானத்துல தீத்தடுப்பு மருந்து கொட்டி காப்பாத்துனாங்க. சில மரம் கருகுச்சு, ஆனா தோப்பு பொழச்சுது. அந்த செலவு வீண்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன்.

நர்சரிலயே கன்னு விக்கிறாங்களே, அப்புறம் காட்டுல எதுக்குன்னும் கேப்பாங்க. கன்னு விக்கிறது நல்ல வேலதான், வீட்டுத் தொட்டியிலயே ஒன்னு இருந்தா காட்டுக்குள்ள திருட வேண்டியதில்ல. ஆனா தொட்டில வளர்றது ஒரு மரம் மட்டும்தான். அது தானா வித போட்டு, அடியிலேர்ந்து புதுசு புதுசா தண்டு விட்டு, யாரும் தண்ணி ஊத்தாம நிக்கிறது அந்த ஒரு பள்ளத்தாக்கு பக்கம்தான்.

பாக்க ஆசைன்னா சிட்னி தாவரவியல் பூங்காவுல இருக்கு, அங்க போய் நல்லா பாருங்க. காட்டு மரத்தோட லொக்கேஷன்னு எவனாவது பதிவு போட்டா மட்டும் தயவுசெஞ்சு ஷேர் பண்ணாதீங்க.