அளந்து ஊற்றினால் என்ன குறைந்துவிடும்?

"கொஞ்சம் இறுகிடுச்சு சார், ஒரு சொம்புத் தண்ணி ஊத்திக்கலாம்." டைல் ஒட்டும் பசை (டைல் அடெசிவ்) கலக்கும் இடத்தில் இந்தப் பேச்சைக் கேட்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தரை போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. நாலு டைல் கால் வைக்கும்போதெல்லாம் டொக் டொக்கென்று சத்தம் போடுகிறது. ஒன்று ஓரத்தில் தூக்கிக்கொண்டது. நெம்பி எடுத்தேன். டைலின் முதுகு, பெட்டியிலிருந்து பிரித்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே சுத்தமாக இருந்தது! கீழே பசையில் பல் கரண்டி, அதாவது ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய கரண்டி, இழுத்த கோடுகள் நசுங்காமல் வரிவரியாக நின்றன. விரலால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்கிறது. இத்தனை நாளும் அந்த டைல் ஒட்டவே இல்லை, சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது.

பசை மூட்டையின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 20 கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர். அளந்து ஊற்றுங்கள் என்று அன்றைக்கே சொன்னேன். "இத்தனை வருஷமா கண்ணளவுலதான் போடுறோம்" என்றார்கள் டைல் ஒட்ட வந்தவர்கள். சாதா சிமெண்ட் கலவைக்கு அந்தக் கண்ணளவு போதுமாக இருந்திருக்கலாம். இது வேறு சாமான் ஐயா. இதில் சிமெண்டும் மணலும் மட்டுமா இருக்கிறது? ஒட்டுவதற்கு பாலிமர் பவுடர் இருக்கிறது, தண்ணீரைப் பிடித்து வைக்க செல்லுலோஸ் வகைச் சரக்கு இருக்கிறது. அதெல்லாம் கரைய நேரம் வேண்டும். அதனால்தான் கலக்கிவிட்டு 5 நிமிடம் போல அப்படியே விட்டு, தண்ணீர் சேர்க்காமல் மறுபடி ஒரு தடவை கலக்கச் சொல்கிறார்கள். அந்த 5 நிமிடம் பொறுக்க ஒருவருக்கும் மனசில்லை.

கலக்கிய லட்சணமும் அப்படித்தான். வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் பவுடர். இவர்கள் பவுடரைக் கொட்டி மேலே தண்ணீர் விட்டு, கரண்டியாலேயே கிளறினார்கள். அடி மூலையில் நனையாத பவுடர், நடுவில் கட்டி. அந்தக் கட்டி கரண்டிப் பல்லில் மாட்டினால் கோடு கிழிந்து இடைவெளி விழுகிறது. மெதுவாகச் சுற்றும் டிரில் மிக்ஸர் பக்கத்திலேயே கிடந்தது, எடுக்கவில்லை.

இதையாவது பொறுத்துக்கொள்வேன். முழு மூட்டையையும் ஒரேயடியாகக் கலக்கிவிட்டு சாப்பிடப் போய், திரும்பி வந்து இறுகிப்போனதில் தண்ணீர் ஊற்றினார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. இறுக ஆரம்பித்த பசை பார்க்க இளகுமே தவிர, போன பலம் திரும்பாது. கூடுதல் தண்ணீர் காயும்போது உள்ளே பொத்தலை விட்டுவிட்டுப் போகும், பசை சுருங்கும், பிடி விடும். தரையில் இழுத்துவிட்டு டைல் வெட்டப் போனார்கள், அதற்குள் மேலே ஆடை கட்டிவிட்டது. அதன் மேல் டைலை வைத்தால் எப்படிப் பிடிக்கும்?

கேட்டால் "டைல் சரியில்லை" என்கிறார்கள். பதம் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? பல் கரண்டியால் இழுத்தால் கோடு சரியாமல் நிற்க வேண்டும், டைலை வைத்து அழுத்தினால் அதே கோடு நசுங்கிப் பரவ வேண்டும். அவ்வளவுதான்.

மறுபடி ஆள் வரும்போது லிட்டர் கோடு போட்ட வாளியோடு நான் நிற்பேன். பாதி மூட்டைக்கு மேல் கலக்க விடமாட்டேன். ஒட்டிய முதல் டைலை உடனே தூக்கிக் காட்டச் சொல்வேன். முதுகு நிறைய பசை இருந்தால்தான் அடுத்த டைல்.