புளோயரை நிறுத்தச் சொன்னது யார்?

நம் கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்டின் நாற்றம் பற்றி நேற்று நடந்த கூட்டத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நாற்றம் தாங்கவில்லை என்றீர்கள், நியாயம். ஆபரேட்டரை எழுந்து நிற்கவைத்து "ராத்திரி ஷிஃப்ட்ல தூங்கத்தான் சம்பளமா?" என்று ஒருவர் கேட்டபோது கைதட்டினீர்களே, அதில் என்ன நியாயம்? ராத்திரி புளோயரை, அதாவது கழிவுநீர்த் தொட்டிக்குள் காற்றூதும் மெஷினை, நிறுத்தச் சொன்னது யார் என்று ஒருவராவது கேட்டீர்களா?

கரண்ட் பில்லைக் குறைக்க இரவு முழுக்க நிறுத்து என்று உத்தரவு மேலே இருந்து வந்தது. "நிறுத்தினா செத்துரும் சார்" என்று ஆபரேட்டர் சொன்னார், எழுதியும் கொடுத்தார். எது சாகும் என்றுகூட யாரும் கேட்கவில்லை.

அந்தத் தொட்டியில் கழிவைத் தின்று தீர்ப்பது பாக்டீரியா. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் கண்டறிந்தது இதைத்தான்: காற்றூதியபின் அடியில் படியும் சேற்றைக் கொட்டாமல் அடுத்து வரும் கழிவுநீரோடு கலந்தால், வாரக்கணக்கில் நடக்கிற வேலை ஒரே நாளில் முடிகிறது. அந்தச் சேற்றில் உள்ள பாக்டீரியா நன்றாக வேலை செய்ய, பொதுவாக லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும். அதைக் கொடுப்பது புளோயர். பிளான்ட்டின் மின்சாரத்தில் பாதிக்குமேல் இதற்கே போய்விடும் என்பதும் உண்மைதான். அதற்காக மூச்சை நிறுத்துவதா?

"ராத்திரி தண்ணீர் வரத்தே குறைவுதானே" என்பார்கள். தீனி குறைந்தாலும் உயிர் மூச்சு விடாமல் இருக்குமா? வேகத்தைக் குறையுங்கள், அதற்கு மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் இருக்கிறது. தொட்டியின் அடியில் காற்றைக் குமிழாக விடுகிற, அடைத்துப்போன டிஃப்யூசர்களைச் சுத்தம் செய்யுங்கள், பில் தானே குறையும். "சில ஊர்களில் நிறுத்தி நிறுத்தித்தானே ஓட்டுகிறார்கள்" என்று நேற்று ஒருவர் படித்தவர் தோரணையில் சொன்னார். ஓட்டுகிறார்கள். நைட்ரஜனை வெளியேற்ற, ஆக்சிஜன் மீட்டரைப் பார்த்து, சேறு படியாமல் மிக்சரால் கலக்கிக்கொண்டே, கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். விடிய விடிய நிறுத்திவைப்பதும் அதுவும் ஒன்றா? அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். ஒருமுறை நசிந்தால் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும்.

என் அப்பா இதே வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸ் பிளான்ட்டை ஒட்டியே இருந்தது. புளோயர் இரைச்சலில்தான் நாங்கள் தூங்குவோம். இரைச்சல் நின்றால் அப்பா விழித்துவிடுவார், சட்டையை மாட்டிக்கொண்டே ஓடுவார். காலையில் லிட்டர் ஜாடியில் சேற்றை எடுத்து அரை மணி நேரம் வைத்துப் பார்ப்பார். நல்ல சேறு பழுப்பாக இருக்கும், மழை பெய்த மண் வாசம் வரும், அது படியப் படிய மேலே தண்ணீர் தெளியும். நேற்று அந்த ஆபரேட்டர் கூட்டத்துக்கு ஒரு ஜாடி கொண்டுவந்திருந்தார். சேறு கறுத்துக் கட்டிகட்டியாக மேலே மிதந்தது. மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். காற்று நின்றதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? "மூடு, மூடு" என்றுதான் கத்தினீர்கள்.

ஆபரேட்டருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சொல்லப் போகிறீர்கள். ஆமாம், வாங்குகிறேன். நீங்கள் கக்கூஸில் போடுகிற ஈரத் துடைப்பான் தாளும் நாப்கினும் கரையாமல் வந்து பம்பில் சுற்றிக்கொள்ளும்போது பிடுங்கி எடுப்பது அவர். அங்கே அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சேர்ந்திருந்தால், அளவு கூடினதும் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, ஆளைச் சாய்த்துவிடும். உங்களுக்கு நாற்றம் தொல்லை. அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. அந்த மனிதரைப் போய்த் தூங்குமூஞ்சி என்றீர்கள். என் அப்பாவையும் இப்படித்தான் பேசியிருப்பார்களோ என்று ராத்திரி முழுக்க மனசு ஆறவில்லை.

அவர் எழுதிக் கொடுத்த கடிதமும், புளோயர் ஓடிய நேரம் பதிந்த லாக்புக்கும் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் இரண்டையும் எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லப் போகிறேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.