இன்டர்நெட் எம்பிபிஎஸ் (Mbps) கூடினால் தாமதம் போய்விடுமா?

பினாங்கில் நம் குடும்பக் குழுக்களில் ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது: “வீடியோ கால் திணறினால் பெரிய பேக்கேஜுக்கு மாறுங்கள், எம்பிபிஎஸ் கூடினால் தாமதம் தானாகப் போய்விடும்.” தவறு.

எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடியில் எவ்வளவு டேட்டா, அதாவது எத்தனை மெகாபிட், போகிறது என்ற கணக்கு. ஒரு பாக்கெட் (டேட்டாவின் சிறு துண்டு) போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது வேறு. பட்டர்வொர்த் ஃபெரி நிறையும்வரை காத்திருந்து கிளம்பினால் ஒரு நடையில் நிறையப் பேர் போகலாம், ஆனால் முதலில் ஏறியவர் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான். வைஃபையும் பல பாக்கெட்டுகளைச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பித்தான் வேகம் காட்டுகிறது.

பெரிய தொல்லை, ரவுட்டரில் தேங்கி நிற்கும் பாக்கெட்டுகளின் வரிசை. அப்லோடு 10 எம்பிபிஎஸ், வரிசையில் 1 மெகாபைட் (8 மெகாபிட்) நிற்கிறது என்றால் அது வடியவே 0.8 நொடி ஆகும். பையன் தைப்பூச வீடியோவை ஏற்றும் நேரம் பார்த்து ஈப்போ பெரியம்மா கூப்பிட்டால், குரல் பின்தங்கத்தான் செய்யும்.

“மாற்றினதும் எனக்குச் சரியானதே” என்பவர்கள் பொய் சொல்லவில்லை, லைன் பெரிதானால் வரிசை சீக்கிரம் வடியும். ஆனால் கொண்டோவில் சுற்றிலும் உள்ள ரவுட்டர்கள் எல்லாம் ஒரே வைஃபை சேனலில் (அலைவரிசையில்) முட்டிக்கொண்டால், கூடுதல் காசு வீண்.

சரி, முதலில் வீடியோ ஏற்றிக்கொண்டே பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம்) பாருங்கள். சும்மா இருக்கும்போது 10 மில்லிநொடி, ஏற்றும்போது 500 என்றால் வரிசைதான் காரணம். ரவுட்டரில் எஸ்கியூஎம் (SQM) என்ற, வரிசை தேங்காமல் பார்த்துக்கொள்ளும் வசதி இருந்தால் போட்டு, அதன் வேக வரம்பை லைன் வேகத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். ஸ்பீட் டெஸ்ட் எண் கொஞ்சம் இறங்கும், அதைப் பார்த்துப் பயந்து அணைத்துவிடாதீர்கள்.