சரியைத் தொண்டும் வழிபாடுதான்
தம்பி, ‘சிரமதானம் (கூலி வாங்காமல் கூடிச் செய்யும் பொதுவேலை) வெறும் சமூக வேலை, சைவத்தில் பக்தி என்றால் பூசையும் விரதமும்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. சைவம் சொல்லும் நான்கு நெறிகளில் முதலாவதே சரியை: கோயிலைக் கூட்டுவது, மெழுகுவது, பூப்பறித்து மாலை கட்டுவது. 7ஆம் நூற்றாண்டில் அப்பர் கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கியவர். அவர் சிலையில் தோளோடு சாய்ந்திருக்கும் கருவி, அந்தப் புல் செதுக்கும் உழவாரம்தான்.

சுனாமிக்குப் பிறகு, 2005 தையில், திருகோணமலையில் ஒரு முகாமில் கிடாரம் கழுவினேன். அடிப்பிடித்த சோற்றைத் தேங்காய்த்தும்பால் உரஞ்ச உரஞ்ச, ஒரு முஸ்லிம் அக்கா தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்றார். அதுவரை திருகோணமலைச் சிவனான கோணேசரிடம் எனக்காக மட்டும் கேட்டவன் நான். அப்புறம் அந்த அக்காவின் பிள்ளைகளுக்காகவும் கும்பிடத் தொடங்கினேன். இன்னும் விடவில்லை.